நீக்கிய இருபத்து மூன்று வரிகள்

மார்ச் மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. தங்கை எழுதிய கணினி நிரலை அண்ணன் தன் பெயரில் வெளியிட்டு, அதற்குப் பாராட்டும் பெற்றுக்கொண்டு, அன்றோடு நாற்பத்தொரு நாள்கள் ஆகியிருந்தன. அந்த நாற்பத்தொரு நாள்களில் அவன் ஒரு தடவைகூட மாடிப்படி இறங்கி வந்து அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

வீட்டில் அவனைப் பெரியவன் என்பார்கள். அவளைச் சின்னவள் என்பார்கள். இருவருக்கும் இடையே மூன்று வயதுதான் வேறுபாடு. வேறு எதில் அவன் பெரியவன் என்று கேட்டால், பெற்ற அம்மாவே சற்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

தொடக்கத்திலிருந்து படித்துவருகிறவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம். ஆனால், தாண்டாமல் இருப்பது நல்லது. சிலவற்றை ஒரு முறைக்கு இரு முறை படித்தால்தான் கோபம் சரியாக வரும்.

பெரியவனின் மனைவி, அதாவது சின்னவளின் அண்ணி, காது பரிசோதனைக் கூடம் நடத்துகிறாள். அங்கே செவித்திறனை அளக்கும் கருவி ஒன்று உண்டு. கருவிக்கு ஒரு குறையும் இல்லை. அதனோடு இணைந்த பழைய கணினிதான் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தது. புதிய கணினியோடு இந்தக் கருவி பேசாது, வேண்டுமானால் புதுக் கருவி வாங்கிக்கொள்ளுங்கள் என்று அதைச் செய்த நிறுவனம் கையை விரித்துவிட்டது.

யு.எஸ்.பி. கம்பியின் ஒரு முனையில் கருவி, மறுமுனையில் கணினி. இரண்டும் பேசிக்கொள்ள நடுவே ஒரு நிரல் வேண்டும். எழுத்தில் அதற்கு இயக்கி என்று பெயர், பேச்சில் டிரைவர். அந்த இயக்கியைத் திறந்த மூல இயங்குதளம் ஒன்றுக்காகச் சின்னவள் எழுதினாள். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். தன் மகள் டிரைவர் வேலை பார்ப்பதாக அம்மா எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லப்போய், எந்த வண்டி என்று அவள் விசாரித்ததும், அம்மா ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருந்ததும் முன்னமே சொல்லப்பட்டவை.

எட்டு மாதங்கள். துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் அந்தச் சிறிய அறையில், கூடம் மூடிய பிறகு இரவில் வீட்டுக்கு வந்த பழைய கணினியும் கருவியும் தமக்குள் பேசிக்கொள்வதைச் சின்னவள் ஒட்டுக்கேட்டாள். கணினி ஓர் எண்ணை அனுப்பும். கருவி ஓர் எண்ணைத் திருப்பி அனுப்பும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று சொல்ல உலகில் ஒரு புத்தகமும் இல்லை. ஏழு நோட்டுகளில் எழுதி எழுதிப் பார்த்து, அடித்து அடித்துத் திருத்தி, அந்த ஊமைப் பேச்சுக்கு அவளே பொருள் கண்டுபிடித்தாள்.

இந்த இயங்குதளத்தை வளர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எழுதியதை, எல்லோருக்கும் ஒருசேரப் போகும் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். எல்லோரும் பார்க்க, வரி வரியாகக் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். அனுப்பும் ஒவ்வொன்றின் கீழும் ஒரு கையொப்ப வரி இருக்க வேண்டும். இது என் சொந்த உழைப்பு, அல்லது இதை அனுப்ப எனக்கு முறையான உரிமை உண்டு என்பது அதன் பொருள். பூட்டும் காவலும் இல்லாத அந்த இடத்தில் இருக்கிற ஒரே காவல் அந்த ஒரு வரிதான்.

பிப்ரவரி நான்காம் தேதி, புதன்கிழமை, அந்த வரியில் பெரியவன் தன் பெயரைப் போட்டான். சின்னவளின் நிரல், தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் அவள் பத்திரப்படுத்தியிருந்த பென்டிரைவில் இருந்து அவன் கைக்குப் போயிருந்தது. எப்படிப் போனது என்பதுதான் அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அறைப் பூட்டு உடையவில்லை. சாவி மாடத்தில் இருந்த இடத்தில் இருந்தது.

அம்மாவிடம் முறையிட்டாள். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க. யார் பேரு இருந்தா என்ன, காது கேக்குதா இல்லையா, அதைப் பாரு."

அன்றிலிருந்து சின்னவள் வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது பொறுத்துக்கொள்வதாகாது. அவள் அஞ்சல் பட்டியலைக் காலையும் மாலையும் படித்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு நாள்களுக்கு முன்னர் அவள் காத்திருந்தது வந்தது.

இயங்குதளத்தின் யு.எஸ்.பி. பகுதியை மேற்பார்வையிடும் பொறுப்பாளர் பட்டியலில் பெரியவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இன்ன இடத்தில் தொடங்கும் இருபத்து மூன்று வரிகள் எதற்கு, விளக்கவும் என்பதே கேள்வி. சாதாரணக் கேள்வி. எழுதியவரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

பெரியவனிடமிருந்து மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள், அதாவது இந்தச் செவ்வாய்க்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஒற்றை வரியில் எழுதினான்: அவை தேவையில்லை, நீக்கிவிடுகிறேன். அப்படியே நீக்கியும்விட்டான். தங்கையிடம் கேட்க வாய் வரவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. புரியாததை வெட்டி எறிந்தான்.

சின்னவள் அதைப் படித்துவிட்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். நாற்பத்தொரு நாள்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த இருபத்து மூன்று வரிகளுக்காக அவள் தன் இடது காதைக் கொடுத்திருந்தாள்.

யாரும் பயன்படுத்தாமல் இரண்டு நிமிடம் விட்டுவிட்டால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இயங்குதளம் கருவியைத் தூங்கவைக்கும். கருவியின் பச்சை விளக்கு மஞ்சளாகிவிடும். மறுபடி வேலை வந்தால் எழுப்பும். ஆனால், இந்தக் கருவிக்கு ஒரு பொல்லாத குணம். தூங்கி எழுந்தால் பழையதெல்லாம் மறந்துவிடும். ஒலியளவை உச்சியில் வைத்துக்கொண்டே எழும். இது தெரியாத ஒரு நாளில் சின்னவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். நூற்றுப்பத்து டெசிபல். மண்டைக்குள் ஆணி இறங்கியதுபோல் இருந்தது. மூன்று நாள் அந்தக் காதில் சீழ்க்கை அடித்துக்கொண்டே இருந்தது. அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. நான்காம் நாள் உட்கார்ந்து அந்த வரிகளை எழுதினாள். கருவி எழுந்ததும் முதல் வேலையாக ஒலியைச் சுழியத்துக்கு இறக்கு. பிறகு முன்பு இருந்த அளவுக்குக் கொண்டுவா. அவ்வளவுதான்.

அந்த அவ்வளவைத்தான் அவன் நீக்கினான்.

சொல்லியிருக்கலாம். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பரிசோதனைக் கூடத்துக் கணினியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய பழைய பதிப்பு. ஆகையால், வருகிறவர்கள் காதுக்கு ஒரு கேடும் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெரியவனுக்கோ, கருவியைத் தன் மடிக்கணினியில் இணைத்துச் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் எதுவும் தட்டுப்படவில்லை. இரண்டு நிமிடம் சும்மா இருக்கத் தெரிந்தவனாக இருந்தால்தானே கருவி தூங்கும்? அவன் மாட்டியதும் அழுத்தினான், அழுத்தியதும் கழற்றினான், எல்லாம் சரி என்று எழுதினான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவனுடைய அரங்கேற்றம். ஒரு கருத்தரங்குக்காக ஊருக்கு வந்திருந்த அந்தப் பொறுப்பாளரும், பெரியவனின் அலுவலகத்திலிருந்து மேலதிகாரிகள் இருவரும் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து, கருவி இயங்குவதைப் பார்ப்பதாக ஏற்பாடு. பழைய பதிப்பை எடுத்துவிட்டு, அவன் பெயர் பொறித்த பதிப்பைக் கணினியில் ஏற்றியாயிற்று. ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டு காட்டப்போவதாக மாடியில் அவன் பெருமையடித்ததை அம்மாதான் கீழே வந்து சொன்னாள்.

தானே மாட்டிக்கொள்வான். முதலில் பேசுவான். அவன் பேசத் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் நிறுத்துகிறவன் அல்லன். கருவி தூங்கும். பிறகு பொத்தானை அழுத்துவான்.

சின்னவள் அன்று தலைவாரிப் பின்னிக்கொண்டாள். தேய்த்த உடை உடுத்திக்கொண்டாள். பட்டியலுக்கு அனுப்ப ஒரு கடிதம், நோட்டுப் பக்கங்களின் படங்களோடு, கைப்பேசியில் ஆயத்தமாக இருந்தது. அவன் அலறிக்கொண்டு ஹெட்போனைப் பிடுங்கி எறியும் அந்த நொடியில், பின்வரிசையில் நின்றபடி அதை அனுப்புவது என்று கணக்கு வைத்திருந்தாள். அவன் காதில் மூன்று நாள் சீழ்க்கை அடிக்கட்டும். அடிக்கிறபோதெல்லாம் இருபத்து மூன்று என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பத்தே முக்கால் மணிக்கு அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது.

"ஏம்மா, அத்தைக்கு எந்தக் காது மந்தம், இடதா வலதா? போன வருஷம் நீதானே எழுதி வெச்ச, அந்தத் தாள் இங்க கிடைக்கல."

சின்னவளுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாவின் காதைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்டாள். அண்ணி அவசரத்தில் சொன்னாள். நன்றாகக் கேட்கிறவர் உட்கார்ந்தால் என்ன தெரியும், காது மந்தமானவர் ஒருவரை உட்காரவைத்துக் காட்டுங்கள் என்று ஒரு மேலதிகாரி காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டாராம். உடனே பெரியவன் தன் அம்மாவே இருக்கிறாள் என்றானாம். அத்தையைப் பத்து மணிக்கே வண்டி அனுப்பி அழைத்து வந்தாயிற்றாம். கோயிலுக்குப் போகிறவளைப்போல் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாளாம். அம்மா வெளியே கிளம்பியதைக் கோயிலுக்கு என்றே சின்னவளும் நினைத்திருந்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க, போனை அணைக்கணும்" என்று அண்ணி வைத்துவிட்டாள்.

சோதனை நடக்கும்போது கூடத்தில் எந்தக் கைப்பேசியும் உயிரோடு இருக்கக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். சின்னவள் மூன்று தடவை அழைத்தாள். மூன்று தடவையும் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற குரலே வந்தது. அண்ணனை அழைத்தாள். அந்தச் சட்டம் அவனுக்கு இல்லை போலும், மணி அடித்தது. யார் என்று பார்த்துவிட்டு அவன் துண்டித்தான்.

அவள் செருப்பை மாட்டவில்லை. வாசற்படி இறங்கி ஓடினாள்.

மூன்று தெரு. முதல் தெருவில் ஆள் இல்லை. இரண்டாம் தெருமுனையில் சிவப்பு விளக்கு. அது பச்சையாவதற்குள் அவளுக்குப் பன்னிரண்டு நாள்களும் ஒரு சுற்று வந்துபோயின. எத்தனை தடவை சொல்லியிருக்கலாம். காலையில் அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தபோதுகூடச் சொல்லியிருக்கலாம். மூன்றாம் தெருவில் யாரோ ஒருவருடைய பையைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவர் பின்னாலிருந்து திட்டியது வலக் காதில் மட்டும் தெளிவாகக் கேட்டது.

பரிசோதனைக் கூடத்தின் உள்ளறை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பாதியில் மேசை, கணினி, கருவி. மறுபாதி சத்தம் புகாத கண்ணாடி அறை. பரிசோதனைக்கு வருகிறவர் அதற்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வார். தடித்த கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது.

சின்னவள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது பெரியவன் பேசிக்கொண்டிருந்தான். இந்தக் கருவியின் மொழியைப் புரிந்துகொள்ளத் தான் எத்தனை மாதம் பாடுபட்டான் என்பதே பேச்சு. மேலதிகாரிகள் இருவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பொறுப்பாளர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி, ஆட்டவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவளைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

கருவியின் விளக்கு மஞ்சளாக இருந்தது.

"இப்ப பாருங்க" என்று பெரியவன் பொத்தானுக்குக் கையை நீட்டினான்.

சின்னவள் மேசைமேல் பாய்ந்து கம்பியைப் பிடித்து இழுத்தாள். விளக்கு அணைந்தது. தண்ணீர்க் குவளை உருண்டு கீழே விழுந்தது.

முதலில் தேறியவன் பெரியவன்தான். குரலை மென்மையாக்கிக்கொண்டு வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டான். இவள் தன் தங்கை என்றான். வேலையை விட்டு இரண்டு வருடமாக வீட்டில் இருப்பதால் மனம் சரியில்லை என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"உனக்கு வயித்தெரிச்சல்னு தெரியும். இந்த அளவுக்குன்னு தெரியாது."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சின்னவளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மூச்சு நிதானமாகிவிட்டது. கண்ணாடிக் கதவைத் திறந்து, அம்மாவின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, அதன் நீளக் கம்பியோடு வெளியே கொண்டுவந்தாள். என்னடி என்ற அம்மாவை அப்படியே உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். யு.எஸ்.பி. கம்பியைத் திரும்பச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"நீ மாட்டிக்க, அண்ணா. நீ எழுதினதுதானே."

மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் பெரியவன் நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டான். அழுத்து என்றான் வீறாப்பாக.

"அவசரமில்ல. ரெண்டு நிமிஷம் போகட்டும்."

சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் நகர்ந்தது. அந்த அறையில் அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். சின்னவளின் கை பொத்தானின் மேல் இருந்தது. பெரியவன் அதையே பார்த்தான். ஒரு நிமிடம் ஆயிற்று. ஒன்றரை நிமிடம். கண்ணாடிக்கு அப்பால் அம்மா எழுந்து நின்று, உள்ளங்கைகளைக் கண்ணாடியில் பதித்தபடி, யார் உதடு அசையும் என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒருவர் உதடும் அசையவில்லை.

விளக்கு மஞ்சளாயிற்று.

சின்னவள் அவனைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

அந்தப் புன்னகையை அவன் சிறு வயதிலிருந்து அறிவான். அவளுடைய சைக்கிளை அவன் ஓட்டிப்போய்ச் சுவரில் மோதிவிட்டு, பழியை அவள்மேல் போட்ட மறுநாள், அவன் பள்ளிக்கூடப் பைக்குள் கையை விடும்போது அவள் இப்படித்தான் புன்னகை செய்துகொண்டு நின்றாள். பைக்குள் இருந்தது தேள் என்று அவன் ஊரைக் கூட்டினான். உண்மையில் அது பழைய செருப்பு வார்தான்.

பெரியவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான்.

"ஏன் கழற்றினீங்க?" என்றார் பொறுப்பாளர். அன்று அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

தான் எழுதியதாகக் கையொப்பமிட்ட நிரலை நம்பித் தன் இரண்டு காதுகளை அதனிடம் ஒப்படைக்க அவனால் முடியவில்லை. இதற்குமேல் ஒரு வாக்குமூலம் உண்டா?

சின்னவள் பொத்தானை அழுத்தினாள்.

மேசையில் கிடந்த ஹெட்போன் வீரிட்டது. கூர்மையான அந்த ஒற்றை ஒலி அறை முழுவதும் அறைந்தது. மேலதிகாரிகளில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். அண்ணி ஒலியளவுமானியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தாள், கண்ணாடிக்கு அப்பால் நின்ற மாமியாரைப் பார்த்தாள், தானே கம்பியைப் பிடுங்கினாள். பிறகு கேட்டது கணவனிடம் அல்ல, நாத்தனாரிடம்.

"இது உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"பன்னெண்டு நாளா."

"நாளைக்கு இந்த நாற்காலியில ஒரு பச்சப்புள்ளை வந்து உக்காரும். அப்ப என்ன பண்ணியிருப்ப?"

பெரியவன் மட்டும் ஹெட்போனைக் கழற்றாமல் இருந்திருந்தால் தான் அழுத்தியிருப்போமா என்று அந்த நொடியில் சின்னவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அழுத்தியிருப்போம் என்றே பதில் வந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பொறுப்பாளர் மேசையருகே வந்தார். இருபத்து மூன்று வரிகள் என்றார். ஆமாம் என்றாள் சின்னவள். கருவி எழுந்ததும் செய்ய வேண்டியதை ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் இடையே முப்பத்தேழு மில்லி நொடி ஏன் காத்திருக்க வேண்டும் என்பதையும், முப்பத்தாறில் கருவி எப்படித் தடுமாறும் என்பதையும் சொன்னாள். பெரியவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலதிகாரிகள் இருவரும் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, அவனிடம் விடைபெறாமலே வெளியேறினார்கள்.

"பட்டியல்ல எழுதுங்க," என்றார் பொறுப்பாளர். "என்கிட்ட தனியா சொன்னா அது வெறும் பேச்சு. அங்க எழுதினாத்தான் அவர் பேரை எடுக்க முடியும், உங்க பேரைப் போட முடியும். அந்த டிரைவரை இன்னிக்கே நான் நிறுத்திடறேன்."

சின்னவள் கைப்பேசியை எடுத்தாள். கடிதம் திறந்தே இருந்தது. பெரியவன் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"வேண்டாம்மா. வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கலாம்."

"நாப்பத்தொரு நாள் வீட்டுக்குள்ளதான் இருந்தேன். நீதான் படியிறங்கி வரல."

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். கேட்காத காதுக்காரிக்கு உதட்டைப் படிக்கத் தெரியும் என்பதை அந்த வீட்டில் எல்லோரும் எப்போதும் மறந்துவிடுவார்கள். அவள் மகளின் கைப்பேசியைக் கையால் மூடினாள். கடிதத்தில் அவன் திருடினான் என்று எழுதியிருக்கிறாயா என்று கேட்டாள். என் அறையிலிருந்து திருடினான் என்று எழுதியிருக்கிறேன் என்றாள் சின்னவள்.

"அதை எடு. அவன் திருடல. தையல் மிஷின் இழுப்பறையிலேருந்து எடுத்து நான்தான் குடுத்தேன்."

அண்ணியின் கையிலிருந்த ஒலியளவுமானி மேசைமேல் டொக்கென்று வைக்கப்பட்டது. பெரியவன் அம்மா என்று தடுக்கப் பார்த்தான். அம்மா அவனைச் சட்டைசெய்யவில்லை.

"எதையாவது செஞ்சு காட்டலைன்னா வேலை போயிடும்னு வந்து அழுதான். அவனுக்கு வேலை இல்லாம இருக்கத் தெரியாது. உனக்குத்தான் எதுவும் இல்லாம இருக்கத் தெரியுமே."

எட்டு மாதம் அந்த அறைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த கை அது. ஏழு நோட்டுகளையும் தூசி தட்டி அடுக்கிய கை அது. சாவி ஏன் இருந்த இடத்திலேயே இருந்தது என்பது சின்னவளுக்கு இப்போது விளங்கியது.

அவள் அழவில்லை. கைப்பேசியின்மேல் இருந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், விலக்கினாள். காலியாக இருந்த நாற்காலியில், சற்று முன்பு அண்ணன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அதே நாற்காலியில், உட்கார்ந்தாள்.

"சரிம்மா. திருடினான்னு இருக்கறதை எடுத்துடறேன்," என்றாள். "யார் குடுத்தாங்கன்னு ஒரு வரி சேக்கறேன். உண்மைதானே எழுதணும்?"

அம்மா அவள் உதட்டைப் படித்தாள். படித்ததை நம்பாமல் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். சின்னவள் தலை குனிந்து தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

அன்புள்ள வாசகரே, பெற்றவள் அல்லவா, அந்த ஒரு வரியை மட்டுமாவது விட்டுவிடச் சொல்லுங்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுத நீங்கள் பேனாவைத் தேடுகிறீர்கள். தேடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அங்கே யாருடைய உழைப்பின் கீழே யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் இன்றே அடித்துத் திருத்துங்கள். அதன் பிறகு எழுதுங்கள். எழுதும்போது கீழே உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள்.